ஜீப்பில் போன தாலாட்டு

அறிவிப்பாளர் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், சுருக்கமாக இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். கானமேளாப் பாட்டுக் கச்சேரி மேடையில் ஆயுள் முழுக்க அறிவிப்பாளராக நின்ற ஒருத்தியிடம் சுருக்கமாகச் சொல் என்று கேட்கிற துணிச்சல் உங்களுக்கு இருக்கிறது. இந்தத் தொழிலில் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள்.

நான் பிழைத்த விதம் வேறு. கேரள எல்லையோரத்து மேடைகளில் எதையும் மலையாளத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொல்ல வேண்டும். பாறசாலை, செங்கல் மாதிரி ஊர்களில் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் தெரியும். ஆகவே ஒரே சங்கதியை இரண்டு முறை கேட்டு நெளிவார்கள். அந்த நெளிவை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டுக்கு முன்னால் நான் பேசும் நேரத்தில் கீபோர்டுக்காரர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்து உட்காருவார். அதையும் என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. வரப்போகிற பாட்டில் சனங்கள் என்ன உணர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "அடுத்து, உங்கள் கண்களை ஈரமாக்க வருகிறது" என்று ஆரம்பித்து, என் குரலையே கொஞ்சம் ஈரமாக்கிக் காட்டுவேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "மக்கா, பாட்டுக்கு முன்னாலயே நீ அழுதுட்டா, பாட வாறவன் வந்து என்னத்தைச் செய்யதுக்கு?" என்றார். அவருக்கு என் மேல் பொறாமை என்று முடிவு செய்தேன். அந்த முடிவிலேயே பல வருடம் சௌகரியமாக இருந்தேன்.

அவர் கற்றுக்கொடுத்ததில் நான் உடனே பிடித்துக்கொண்டது ஒன்றுதான். அது சாவி வித்தை. கூட்டம் கேலியாகக் கூவ ஆரம்பித்தால், நம் ஊர்க் கூட்டம் கூவுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கெஞ்சக் கூடாது, அதட்டக் கூடாது. "ஒரு பைக் சாவி கிடைத்திருக்கிறது" என்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்களும் வாயை மூடிக்கொண்டு பாக்கெட்டைத் தடவுவார்கள். அந்த இடைவெளியில் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடலாம். இன்றுவரை தோற்காத வித்தை. ஒரே ஒரு முறைதான், சாவி தந்த அமைதியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஓணம். அப்போது எங்கள் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசித்தவன் பிஜு. கோவளத்து ஓட்டல்களில் வாசித்துப் பழகியவன், அதனால் வெளிநாட்டுக்காரர்களோடு தடையில்லாமல் பேசுவான். அவன் மனைவிக்குப் பூவாறில் ஓர் ஆயுர்வேத சிகிச்சை நிலையத்தில் வேலை. அங்கே இடுப்பு வலிக்கு எண்ணெய் போட வந்திருந்தார் ஓர் இத்தாலிக்காரர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுகிறவர். அவர் ஊரில் பெரிய பேராம். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் என் கையில் அது வேறு யாருடைய பெயராகவோதான் வரும். வெள்ளைக்காரரைச் சொல்கிற ஊர் வழக்கப்படி நாங்கள் சாயிப்பு என்றே கூப்பிட்டோம்.

எண்ணெய்த் தோணி என்கிற மரப்படுக்கையில் மல்லாந்து கிடக்கும்போதும் அந்த ஆள் விரலால் தோணியின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். "அந்த ஆளுக்கு இடுப்புல இல்ல வலி" என்று பிஜுவின் மனைவி வீட்டில் வந்து சொன்னாள். பிஜு போய்ப் பார்த்தான். மறுவாரம் சாயிப்பு எங்கள் ஒத்திகைக்கு வந்துவிட்டார். பாறசாலைப் பக்கத்தில் ஒரு கிளப்பின் ஓண நிகழ்ச்சியில் எங்களோடு சேர்ந்து மூன்று பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு.

ஒத்திகைக்கு நான் போகவில்லை. அறிவிப்பாளர் ஒத்திகைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று அந்தக் காலத்தில் எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது நானாகவும் இருக்கலாம். ஆனால் என் பங்குக்கு ஆராய்ச்சி செய்தேன். பேத்தியின் போனை வாங்கி அந்த மனிதரின் பெயரைத் தேடினேன். முதலில் வந்தது ஒரு தாலாட்டு. மொழி ஒன்றும் புரியவில்லை. ஆனால் அடுப்பில் இருந்த மீன்குழம்பு அடிப்பிடிக்கும் வரை கேட்டுக்கொண்டே நின்றேன். கண்ணீர் வந்தது. உண்மையான கண்ணீர், தொழில் கண்ணீர் அல்ல. இதை விடக் கூடாது என்று கிளப் செக்ரட்டரியைக் கூப்பிட்டுப் பாட்டைக் கேட்க வைத்தேன். அவரும் சொக்கிப்போனார்.

"சேச்சி, இதை ஜீப்புல போட்டா மதி, அது போதும். கூட்டம் தானாட்டு வரும்" என்றார்.

ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்னணியில் அந்தத் தாலாட்டை ஓடவிட்டு, மேலே என் குரலைப் பதிந்து கொடுத்தேன். "தாலாட்டின் தம்புரான்! கடல் கடந்து வந்த தென்றல்! உங்கள் கண்களைத் தானாக மூட வைக்க இதோ வருகிறார்!" இதை இரண்டு மொழியிலும் சொன்னேன். அந்த ஜீப் ஓண வாரம் முழுக்க பாறசாலை, செங்கல், உதியங்குளங்கரை என்று எல்லாச் சந்திலும் புகுந்து புறப்பட்டது. பூவாறுப் பக்கம் மட்டும் போகவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் அந்த மெட்டை முனகுவதை நானே கேட்டேன். இத்தாலி மொழியில் ஒரு வரியைப் பூ விற்கிறவர் பிழையில்லாமல் பாடினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிகழ்ச்சி அன்று மத்தியானம்தான் சாயிப்பை நேரில் பார்த்தேன். மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் பிஜுவோடு உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, சாதுவான முகம். ஏத்தக்காய் அப்பம் என்கிற வாழைப்பழ பஜ்ஜியை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணங்கினார். பிறகு பிஜுவிடம் உற்சாகமாக நிறையச் சொன்னார். பிஜு எனக்குச் சொன்னான்.

"அக்கா, இவரு நம்ம ஊருக்கு நன்றி சொல்லுதாரு. இருவது வருசமா எங்க போனாலும் ஒரே தாலாட்டாக்கும் கேக்குதாவளாம். மகளுக்கு எழுதினது. மக இப்ப கார் ஓட்டுதா. இன்னும் சனங்க பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்து முன்னால உக்காருதாவளாம்."

"நல்ல காரியம்தானே?" என்றேன்.

"இவருக்க அப்பா வேலை பாத்த மில்லைப் பூட்டிட்டானுவ. அதுல அந்த ஊரே அழிஞ்சு போச்சு. அதைப் பாட்டாட்டு எழுதியிருக்காரு. அதைத் தாலாட்டு மாரி பாட ஒக்குமா? இப்ப எழுதினது எல்லாம் ராக்காக்கும். டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார், தொண்டை கீற பாடுதாரு. அவருக்க ஊர்ல ரெண்டு இடத்துல பாடிப் பாத்தாரு. பழசைப் பாடு, பழசைப் பாடுன்னு கத்தி இறக்கிவிட்டுட்டாவ. இங்கன்னா அந்தத் தாலாட்டை ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான் இல்லியா? அதாக்கும் இவருக்கு இவ்வளவு சந்தோசம்."

அதற்குள் ரோட்டில் ஜீப் வந்துவிட்டது.

கடைசிச் சுற்று என்பதால் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார்கள். முதலில் சாயிப்பின் முகம் மலர்ந்தது, அந்நிய ஊரில் தன் குரலைக் கேட்டால் யாருக்கும் மலரும். பிறகு என்ன பாட்டு என்பது உறைத்தது. அப்பத்தைத் தட்டில் வைத்தார். அந்தச் சமயம் பார்த்து டீக்கடைக்காரர் பாத்திரத்தைக் கழுவியபடியே அந்த மெட்டைக் கூடவே பாடினார்.

"யாரு செஞ்சதுன்னு கேக்குதாரு" என்றான் பிஜு.

"கமிட்டிக்காரங்களா இருக்கும்" என்றேன். ஜீப் நின்று, "தாலாட்டின் தம்புரான்!" என்று என் குரலில் முழங்கியது. சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தைகூட அடையாளம் சொல்லும் குரல் அது. மூன்று பேரும் ஒலிபெருக்கியில் என்னையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாயிப்பு கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடி இரண்டு வாக்கியம் சொன்னார். பிஜு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அடுத்த வாரம் இந்தப் புதுப் பாட்டு ஆல்பத்துக்குக் கம்பெனிக்காரனுவகிட்ட பதில் சொல்லணுமாம். இங்கயும் சனங்க அதையேதான் கேக்கும்னா, இனி தாலாட்டே போதும், ஆல்பம் வேண்டாம்னு சொல்லிருவாராம்." பிறகு தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டான். "அக்கா, யாருக்கும் தெரியாத இடம்னு சொல்லியாக்கும் ஆளை நான் கூட்டிட்டு வந்தேன். நீங்க ஜீப்பு வச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திட்டிய."

சாயங்காலம் மைதானம் நிறைந்தது. என் விளம்பரம் எவ்வளவு வேலை செய்திருந்தது என்பது முன்வரிசையைப் பார்த்ததும் தெரிந்தது. பெண்கள், மடியில் குழந்தைகள். சிலர் தலையணையும் கொண்டு வந்திருந்தார்கள். கண்களைத் தானாக மூட வைப்பார் என்று வாக்குக் கொடுத்தது நான்தானே. எங்கள் ட்ரூப்பின் வழக்கமான பாட்டுகள் முடிந்து அவர் முறை வந்தது. நான் எழுதி வைத்திருந்த முன்னுரையில் நிலா இருந்தது, தொட்டில் இருந்தது, ஆல்ப்ஸ் மலையும் இருந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "இத்தாலியிலிருந்து வந்திருக்கிறார், பாடுவார்" என்று சொல்லி நகர்ந்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய அறிவிப்பு அதுதான். அதற்கு மட்டும்தான் கீபோர்டுக்காரர் கை தட்டினார்.

பிஜு முதல் அடி அடித்தான். முன்வரிசைக் குழந்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் வீறிட்டன. அதற்கு மேல் எலக்ட்ரிக் கிட்டார் கிளம்பியது, அதற்கும் மேல் சாயிப்பு கத்தினார். டீக்கடையில் பார்த்த சாது எங்கே போனார் என்று தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, யாரோ ஒரு முதலாளியின் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்கிற மாதிரிப் பாடினார். எனக்கு ராக் பாட்டில் ஞானம் கிடையாது. ஆனால் இந்த ஆள் பொய் பாடவில்லை என்பது தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது. கூட்டம் தூரத்தில் இருந்தது.

பின்வரிசையில் ஒரு கூவல் எழுந்தது. அது இடமும் வலமுமாகப் பரவி முன்னால் வந்தது. "எலே, ஜீப்புல வந்த பாட்டைப் பாடச் சொல்லு!" என்று ஒருவன். "தாலாட்டு எங்கே?" என்று மலையாளத்தில் இன்னொருவன். ஒரு அம்மா எழுந்து நின்று, அழுகிற குழந்தையை மேடையைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாள். செக்ரட்டரி மேடையின் ஓரத்துக்கு ஓடி வந்தார்.

"சேச்சி, அந்தப் பாட்டையே பாடச் சொல்லுங்க. இல்லேன்னா நாற்காலி பறக்கும்."

முதல் பாட்டு எப்படியோ முடிந்தது. சாயிப்புக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் கேட்கிற மெட்டு புரிந்தது. வாலிபர்கள் நான்கு பேர் தாலாட்டைப் பாடியே காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எலக்ட்ரிக் கிட்டாரைக் கழற்றினார். ஓரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பழைய கிட்டாரைத் தொட்டார். பிஜு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஆத்திரமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவன் கண் கலங்கியிருந்தது.

மைக் என் கையில் இருந்தது. "ஒரு பைக் சாவி கிடைத்திருக்கிறது" என்றேன்.

மைதானம் அடங்கியது. கைகள் பாக்கெட்டுக்குப் போயின. வழக்கமாக இந்த இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். ஆனால் தொடங்க வேண்டியவர் மண்டியிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார். அந்தப் பழைய கிட்டார் வெளியே வந்துவிட்டால் சனங்கள் சந்தோஷப்படுவார்கள், செக்ரட்டரி சந்தோஷப்படுவார், என் ஜீப் விளம்பரமும் பொய்யாகாது. அந்த மனிதர் மட்டும் ஊருக்குப் போய் மிச்ச நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். சாவி தரும் அமைதி நீண்ட நேரம் நிற்காது. வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"மக்களே, ஒரு தப்பு நடந்து போச்சு. ஜீப்புல நீங்க கேட்ட பாட்டு இவரு பாடினது இல்ல. அது இவருக்க தம்பியாக்கும். தாலாட்டு பாடுதது தம்பி. தம்பி வரல்ல. இவரு அண்ணன். அண்ணனுக்குத் தாலாட்டு தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே முகம் ஆனதுனால நான் ஆளை மாத்தி அறிவிச்சிட்டேன். தப்பு எனக்க தப்பாக்கும். கூவணும்னா அண்ணனைக் கூவாதுங்க, என்னைக் கூவுங்க."

இதையே மலையாளத்திலும் சொன்னேன். பழக்க தோஷம்.

பிறகு கூவினார்கள். அப்படி ஒரு கூவலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எத்தனையோ ஓணத்துக்கும் திருவிழாவுக்கும் என் முன்னுரைகளைக் கேட்டுப் பொறுத்துப்போன சனங்கள், கேட்காமலே அனுமதி கிடைத்தவுடன் பழைய பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். செக்ரட்டரியும் கூவினார். கீபோர்டுக்காரர் கூவினதை நான் பார்த்தேன், அவர் மறுப்பார். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். கூவிக் கூவி ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு. பிறகு ஒரு பெரியவர் எழுந்து துண்டை வீசிச் சொன்னார்:

"செரி, செரி! தம்பி வரல்லேன்னா என்ன செய்யது? அண்ணன் பாடட்டும்!"

பிஜு குச்சிகளை எடுத்தான். சாயிப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பிஜு அடிக்கத் தொடங்கியதும் பெட்டியை மூடிவிட்டு எழுந்தார்.

எல்லோரும் மயங்கிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. குழந்தைக்காரர்கள் தலையணையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரு பகுதி ஆட்கள் பொரிகடலை வாங்கப் போய்த் திரும்பவே இல்லை. ஆனால் மிச்சம் இருந்தவர்கள் இரண்டாவது பாட்டில் காலால் தாளம் போட்டார்கள். மூன்றாவது பாட்டில் மேடைக்கு முன்னால் புழுதி கிளம்ப ஆடினார்கள். யாரும் பழசைக் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன், அதைப் பாடுகிற ஆள்தான் வரவில்லையே. முதலில் கூவல் வாங்கிய அந்த மில் பாட்டை அவர் இரண்டாம் முறையும் பாடினார். பாடி முடித்துவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

இறங்கி வந்ததும் முதல் வேலையாக நான் சனங்களிடம் என்ன சொன்னேன் என்று கேட்டார். பிஜு சொன்னான். பொய் சொல்லி என்னையே வேறு ஆளாக்கிவிட்டாயா என்று கோபப்படுவார் என நினைத்தேன். அவரோ அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "தம்பி வரல்ல" என்றேன். அவர் வாயில் "தம்பீ வரலா" என்று வந்தது. டீ குடிக்கும்போதும், காரில் ஏறும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை என்று மறுநாள் பிஜுவின் மனைவி சொன்னாளாம். எண்ணெயின் மகிமை என்று வைத்தியர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் செக்ரட்டரி போன் செய்தார். "சேச்சி, இந்த ஓணத்துக்கு அந்தத் தம்பியைக் கொண்டு வர வழியுண்டா?" என்று கேட்டார். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வருடமும் கேட்கிறார். பாவம், இல்லாத அந்தத் தம்பியை நான் எத்தனை நோயில் படுக்க வைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

பாடம் ஏதாவது எழுத வேண்டும் என்று மலர்க் குழு சொல்லியிருக்கிறது. ஒத்திகைக்குப் போங்கள். பாட்டு வருவதற்கு முன்னால் அழாதீர்கள். மேடையில் கூவல் வாங்கினாலும் பாட்டுக்கு நஷ்டம் வராத ஒரே ஆள் நாம்தான், ஆகவே கூவல் வந்தால் நம் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த மூத்தவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்ல இவ்வளவு பக்கமா என்று கேட்டிருப்பார்.

போன மாதம் பிஜு ஒரு வீடியோ அனுப்பினான். சாயிப்பின் ஊர், பெரிய மைதானம், தலை தலையாகக் கூட்டம். அவர் எலக்ட்ரிக் கிட்டாரோடு நிற்கிறார், தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கூட்டத்தில் யாரோ கத்துகிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, நம் ஊர்ப் பேச்சில், ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார்: "தம்பி வரல்ல."

அவ்வளவு கூட்டமும் சிரித்தது; இந்தத் தம்பிக் கதையை அவர் போகிற மேடையெல்லாம் சொல்லியிருக்கிறாராம். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதையே திருப்பிச் சொன்னார்கள், பழகிப்போன ஒரு பாட்டு வரி மாதிரி. டிரம்ஸ் தொடங்கியது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆயுள் முழுக்க இரண்டு மொழியில் நான் மைக்கில் கொட்டியதில் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது இரண்டே சொல். அதுவும் பொய். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, இந்த முறை பாட்டு தொடங்கிய பிறகுதான்.